ஃபெர்னாண்டோனாவின் ஊரில் ஆறு நாள்

முதல் நாள், திங்கள்

ரியோ டி ஜெனீரோவில் இறங்கியவர்கள் முதலில் கடற்கரைக்கு ஓடுவார்கள். நான் பெட்டியை அறையில் போட்டுவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கும் கிளம்புவதற்கு இல்லை. ஒரு மேஜை இருந்த இடத்தைப் பார்க்க.

பல வருஷம் முன்னால் ஒரு திரைப்படச் சங்கத்தின் ஹாலில், ஃபேன் கடகடக்க, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். 'சென்ட்ரல் தோ பிரஸில்'. 1998-ல் வால்டர் சாலெஸ் எடுத்தது. இந்த ஸ்டேஷனின் பெயர்தான் படத்துக்கும் பெயர். தோரா என்று ரிட்டயரான ஒரு டீச்சர். ஸ்டேஷனில் மேஜை போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதித் தருவாள். எழுதுவதோடு சரி, தபாலில் போடமாட்டாள். வீட்டுக்கு எடுத்துப்போய், தோழியோடு உட்கார்ந்து படித்துச் சிரித்துவிட்டு, சிலதைக் கிழிப்பாள், சிலதை இழுப்பறைக்குள் தள்ளுவாள். இப்படிப்பட்ட ஒருத்தியின் பின்னாலேயே நம்மைக் கடைசிவரை போகவைத்தவர் நடிகை ஃபெர்னாண்டா மொந்தெநேக்ரோ. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது எடுத்த முடிவின்படிதான் இப்போது இங்கே நிற்கிறேன். டிக்கெட்டுக்குக் காசு சேர இத்தனை காலம் ஆயிற்று.

ஸ்டேஷன் படத்தில் பார்த்ததைவிட வெளிச்சமாக இருக்கிறது. தலைக்கு மேலே 1943-ல் கட்டிய கோபுரம், நாலு பக்கமும் கடிகாரம். ஹாலில் நடுத்தூணிலிருந்து ஓரத்தூண் வரை மூன்று தரம் நடந்தேன். மேஜை எங்கே இருந்திருக்கும் என்று எந்த அடையாளமும் இல்லை. வடை மாதிரி பொரித்த கிபே விற்கும் கடைப் பையனிடம் போனில் படத்தைக் காட்டிக் கேட்டேன். 'ஃபெர்னாண்டோனா!' என்று சத்தமாகச் சிரித்தான். அதாவது பெரிய ஃபெர்னாண்டா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. மேஜை எங்கே என்பது அவனுக்கும் தெரியவில்லை. படம் வந்தபோது அவன் பிறந்தே இருக்கமாட்டான்.

ஷூட்டிங் நடந்தபோது, மேஜையையும் பேனாவையும் பார்த்துவிட்டு நிஜப் பயணிகளே வரிசையில் வந்து கடிதம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதில் சில முகங்கள் படத்திலேயே இருக்கின்றன. முதலில் வரும் பெண், சிறையிலிருந்து ஒரு சிற்பிக்குக் கடிதம் எழுதியவர். அந்தக் கடிதத்தை வைத்து சாலெஸ் முன்பே ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார். படத்தில் தோராவோடு கூடவே வரும் பையன், விமான நிலையத்தில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன். இவ்வளவு நிஜத்துக்கு நடுவே ஒரே ஒரு தொழில்முறை நடிகை உட்கார்ந்திருக்கிறாள், அவள்தான் நடிகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்று அந்த ஹாலில் கடிதம் எழுத யாரும் தேவையில்லை. எல்லோரும் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, பிஸ்கட் கடிக்கப்போவதுபோல வைத்துக்கொண்டு, 'ஆவ்டியோ' அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். குரல் செய்தி. இந்த ஊரில் யாரும் டைப் செய்வதில்லை போலிருக்கிறது.

இரண்டாம் நாள், செவ்வாய்

ஃபெர்னாண்டா பிறந்த பேட்டைக்கு ரயில் பிடித்தேன். கம்பின்யோ, வடக்குப் புறநகர். மதுரேய்ரா ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். காலை நேரத்தில் பெண்களுக்கென்று ரோஸ் நிறக் கோடு போட்ட பெட்டி உண்டு, 2006-லிருந்து சட்டம். ஊரே நகரத்துக்குள் வரும் நேரத்தில் நான் எதிர்த்திசையில் போனதால் ஜன்னலோரம் கிடைத்தது. படத்தில் ஜனங்கள் ஜன்னல் வழியாகத் தாவி ஏறி இடம் பிடிப்பார்கள். இப்போது ஏசி பெட்டி, ஜன்னல் திறக்காது.

ப்ராசா தா பண்டேய்ராவைத் தாண்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெல்சன் ரொட்ரிகெஸ் எழுதிய 'ஓ பெய்ஜோ நோ அஸ்ஃபால்த்தோ', தார்ரோட்டில் ஒரு முத்தம், ஆரம்பிப்பது இங்கேதான். வண்டியில் அடிபட்டுச் சாகக் கிடக்கும் ஒருவன் முத்தம் கேட்கிறான். வழியில் போன ஒருவன் இரக்கப்பட்டுக் கொடுக்கிறான். அதைப் பார்த்த ஒரு பத்திரிகைக்காரனும் ஒரு போலீஸ்காரனும் சேர்ந்து அவன் வாழ்க்கையையே நாசமாக்குகிறார்கள். எங்கள் குழுவுக்கு ஒரு நாடகம் கொடுங்கள் என்று எழுத்தாளரை விடாமல் நச்சரித்து வாங்கியவர் ஃபெர்னாண்டா. 1961-ல் மேடையேறியபோது, சந்தேகத்தில் கரையும் மனைவி செல்மின்யா அவர்தான்.

அடுத்து மரக்கானா, கால்பந்து மைதானம். அவருடைய முதல் சினிமா 'அ ஃபலெசீதா', 1965, லியோன் ஹிர்ஸ்மன் இயக்கம். அதுவும் நெல்சன் ரொட்ரிகெஸின் நாடகம்தான். சுல்மீரா என்ற புறநகர்ப் பெண்ணுக்கு ஒரே ஆசை: வாழ்ந்ததுதான் இப்படி ஆயிற்று, சாவாவது ஊரே வாய் பிளக்கும்படி தடபுடலாக நடக்க வேண்டும். கொட்டும் மழையில் கொல்லையில் நின்று அவள் சிரித்துக்கொண்டே நனையும் ஒரு காட்சி வரும். முப்பத்தைந்து வயதில் முதல் படம் செய்பவர் முகமா அது! கடைசியில் புருஷன் அழுவது இந்த மரக்கானா கூட்டத்துக்குள்தான். இதே மைதானத்தில்தான் 2016 ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஃபெர்னாண்டாவின் குரலில் கார்லோஸ் த்ருமோந்தின் கவிதை ஒலித்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஒருத்தியின் அரை நூற்றாண்டு வந்துவிட்டதே என்று சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவள், ரயில் வேறு தடத்தில் பிரிந்ததைக் கவனிக்கவில்லை. பொன்சுசெஸ்ஸோ என்று போர்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. திரும்பி மரக்கானா வந்து மாறியதில் ஒரு மணி நேரம் போயிற்று. தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டு வந்தவர்தான் எந்தப் பக்கம் ஏறவேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார்.

கம்பின்யோவில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. டயர் கடை, பள்ளிக்கூடம், நாய், பெரிய சாலை. நினைவுப் பலகை தேடி அலையவும் இல்லை. 1929 அக்டோபர் 16-ல் இங்கே பிறந்தவரின் பெயர் ஆர்லெத்தே. அப்பா மெக்கானிக், அம்மா வழியில் சார்டினியாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். பதினைந்து பதினாறு வயதில் இந்தப் பெண் நகரத்துக்குப் போய் ரேடியோவில் சேர்ந்தாள்.

அந்த ரேடியோக் கட்டடத்தைச் சாயங்காலம் பார்த்தேன். ரேடியோ மெக், கல்வி அமைச்சகத்து வானொலி. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் காம்போ தெ சந்தானா பூங்காவை ஒட்டி. ரொகேத்தே பிந்தோ என்ற மருத்துவர் 1923-ல் தொடங்கிய நிலையம் அது. விளம்பரம் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு 1936-ல் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஆர்லெத்தே அங்கே அறிவிப்பு வாசித்தாள், நாடகத்தில் குரல் கொடுத்தாள், பிறகு நாவல்களை ரேடியோவுக்காகச் சுருக்கி எழுதவும் ஆரம்பித்தாள். எழுதுவதற்குத்தான் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாள். 'ஃபெர்னாண்டா' பழைய நாவல் கதாநாயகி மாதிரி ஒலித்தது. 'மொந்தெநேக்ரோ' வீட்டில் அடிக்கடி பேச்சில் அடிபட்ட ஒரு ஹோமியோபதி டாக்டரின் பெயர். ஆக, உலகம் கைதட்டும் அந்தப் பெயர் முதலில் மேடைக்காக வைத்ததில்லை. பேனாவுக்காக வைத்தது.

பூங்காவில் அகூத்தி என்ற முயல் சைஸ் பிராணிகள் பயமில்லாமல் காலடியில் ஓடுகின்றன. என் கிபேயில் பாதியை ஒன்று கொண்டுபோய்விட்டது.

மூன்றாம் நாள், புதன்

தியேட்ரோ முனிசிபல். 1909-ல் திறந்தது. பாரிஸ் ஆப்பரா ஹவுஸைப் பார்த்துக் கட்டியது, அதனால் தங்கமுலாம் அளவுக்கு மீறி. வழிகாட்டிப் பெண் பளிங்கு எந்த ஊரிலிருந்து வந்தது, விளக்கு எத்தனை கிலோ என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மேடை மட்டும் போதும்.

1950-ல் முதன்முதலாக மேடையேறியபோது உடன் நடித்தவர் ஃபெர்னாண்டோ தோரெஸ். பிறகு கணவர். 1959-ல் இருவரும் செர்ஜியோ பிரிட்டோ, இத்தாலோ ரோஸி, இத்தாலியிலிருந்து வந்த இயக்குநர் ஜானி ராத்தோ ஆகியோருடன் 'தியேட்ரோ தோஸ் செத்தே' குழுவைத் தொடங்கினார்கள். 'எழுவர் நாடகக் குழு' என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாடகத்தை இந்த மேடையில் போட்டார்கள்: ஆர்த்தூர் அசெவேதோவின் 'ஓ மம்பெம்பே'. மம்பெம்பே என்றால் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராய்ப் போகும் ஓட்டாண்டி நாடகக் கோஷ்டி. தங்கமுலாம் பூசிய மண்டபத்தில் தொடக்க நாளே பரதேசி நாடகக்காரர்களின் கதை! வேண்டுமென்றே செய்த குறும்பா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார், அடுத்த குழு காத்திருந்தது.

1985-ல் சர்வாதிகாரம் முடிந்து வந்த ஜனாதிபதி சர்னே, கலாசார அமைச்சர் பதவியை இவருக்குக் கொடுக்க முன்வந்தார். வேண்டாம் என்றுவிட்டார். நடிகர்கள் அமைச்சராவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் விநோதம்தான்.

நான்காம் நாள், வியாழன்

விடியும்போதே மழை. வெளியே போகவில்லை. இந்தப் பயணத்தின் நல்ல நாள் இதுதான் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவருக்குப் போர்த்துகீசு மட்டும், எனக்கு அதில் இருபது வார்த்தை, மிச்சத்தை போன் பார்த்துக்கொள்ளும். ஃபெர்னாண்டோனா என்று சொன்னதும் டிவியில் வந்ததையெல்லாம் நடித்தே காட்டினார். 1983-ல் 'கெர்ரா தோஸ் செக்ஸோஸ்' நாவெலா. நாவெலா என்றால் நம் சீரியல்தான், ஆனால் சில மாதங்களில் முடித்துவிடுவார்கள். அதில் காலைச் சாப்பாட்டு மேஜையில் ஃபெர்னாண்டாவும் பவுலோ அவுத்ரானும், இருவருமே மேடை ஜாம்பவான்கள், காப்பி, கேக், பழம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் வீசி அபிஷேகம் செய்துகொள்வார்கள். அந்த அம்மா வாழைப்பழத்தை ஓங்கியேவிட்டார், நான் குனிந்துகொண்டேன். 'பெலிசிமா'வில் பியா ஃபல்காவ் என்ற வில்லி. அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்தினார். 2015-ல் 'பபிலோனியா'வின் முதல் நாளே, எண்பத்தைந்து வயதில், நத்தாலியா திம்பெர்கை உதட்டில் முத்தமிட்டார். பல வருஷமாகச் சேர்ந்து வாழும் இரண்டு கிழவிகளாக. நாட்டில் ஒரு பகுதி கொதித்தது, புறக்கணிக்கச் சொல்லிக் கூப்பாடு போட்டது. 'என் தங்கை டிவியை அணைத்தாள், மகளே. நான் சத்தத்தைக் கூட்டினேன்' என்றது போன்.

பேசிக்கொண்டே ஒரு பாத்திரத்தை மடியில் வைத்து, மேஜையில் கறுப்பு பீன்ஸைக் கொட்டினார். விரலால் ஒவ்வொன்றாக விளிம்புக்கு இழுத்து மடியில் விழவைக்கிறார். சொத்தையும் கல்லும் மேஜையிலேயே தங்கிவிடுகின்றன. முறம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கல் பொறுக்கும் கைக்கு பாஷை என்ன, நானும் உட்கார்ந்தேன். டிக், டிக் என்று பாத்திரத்தில் விழும் சத்தம். மேலே ஓட்டில் மழை.

சட்டென்று இருவருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்தது. அவர் வாய் திறக்குமுன் நான் 'ரொமானா' என்றேன். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

'எலெஸ் நாவ் உசாம் பிளாக்-டை', 1981, மறுபடி லியோன் ஹிர்ஸ்மன். வெனிஸில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கிய படம். சாவோ பவுலோ தொழிற்சாலை ஸ்டிரைக். அப்பா தொழிற்சங்கத்துக்காரர், மகன் கருங்காலியாக வேலைக்குப் போகிறான், அப்பாவின் நண்பன் போலீஸ் துப்பாக்கிக்குச் சாகிறான், மகன் வீட்டை விட்டுப் போகிறான். அம்மா ரொமானா ஃபெர்னாண்டா. எல்லாம் முடிந்த பிறகு அவள் மேஜையில் பீன்ஸைக் கொட்டிப் பொறுக்க உட்காருகிறாள். எதிரே புருஷன், படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய குவார்னியேரியே நடித்தது. வசனம் இல்லை. நாளைக்கும் சோறு ஆக்கவேண்டும், அதனால் கல் பொறுக்குகிறார்கள். கண்ணீர் வருகிறது, விரல் நிற்கவில்லை. அழுகைக் காட்சி என்றால் முகத்தைப் பிடித்துக்கொள்ளும் நடிகைகளை எவ்வளவு பார்த்திருக்கிறேன். இவர் அழுகையை விரலுக்குக் கொடுத்துவிட்டார்.

பீன்ஸ் முடிந்ததும் அந்த அம்மா போனில் பழைய ஆவ்டியோ ஒன்றைத் தேடி எடுத்தார். 2024 ஆகஸ்டில் சாவோ பவுலோவின் இபிராபுவேரா பூங்காவிலிருந்து மகள் அனுப்பியது. தொண்ணூற்று நாலு வயது ஃபெர்னாண்டா, மேஜையில் காகிதம் வைத்துக்கொண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவாரின் எழுத்தை வாசிக்கிறார். புல்வெளியில் 15,000 பேர். பதிவில் தூரத்துக் குரலும், யாரோ இருமுவதும், காற்றும்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்தாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டிருக்கும் சத்தம் என்று ஒன்று உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளி

காலையில் பிரேசில் இலக்கிய அகாதெமியை வாசலோடு பார்த்தேன். வெர்சாயில் இருக்கும் குட்டி அரண்மனையின் நகல், 1923-ல் பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்தது. வாசலில் எழுத்தாளர் மஷாதோ தெ அசிஸ் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். மொத்தம் நாற்பது நாற்காலி. ஒருவர் செத்தால்தான் ஒருவர் வரலாம், ஆனால் பெயர் 'இமொர்த்தாய்ஸ்', சாகாதவர்கள். 2021 நவம்பரில் 17-ஆம் நாற்காலிக்கு ஃபெர்னாண்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு நடிகைக்கு முதல் தடவை. நடிகைக்கு இலக்கிய நாற்காலியா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பேனாவுக்காக வைத்த பெயர் எழுபது வருஷம் சுற்றிவிட்டு அதன் வீட்டுக்கே வந்திருக்கிறது, இதில் சுளிக்க என்ன?

மத்தியானம் சாவோ கிறிஸ்தோவாவ் சந்தை. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு பிழைக்க வந்தவர்கள் கூடிக்கூடி உண்டான சந்தை. கயிற்றில் தொங்கும் கொர்தெல் பாட்டுப் புத்தகம், காய்ந்த மாட்டிறைச்சி, அக்கார்டியன். தோரா அந்தப் பையனை அழைத்துப் போனதும் அந்த வடகிழக்குக்குத்தான். படத்தின் முடிவில் இருவர் கையிலும் ஒரு 'மொனோக்குலோ' இருக்கும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கூம்பு, கண்ணை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே உங்கள் போட்டோ. திருவிழாக் கடையில் எடுத்துத் தருவார்கள். பஸ்ஸில் போகும் தோராவும், தெருவில் ஓடிவந்து நிற்கும் பையனும் தனித்தனியாக அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்படி ஒன்று கிடைக்குமா என்று கடை கடையாகக் கேட்டேன். ஒரு கிழவர் தன் போனை எடுத்துக் கண்ணில் ஒட்டிவைத்து, இதுதான் இப்போது மொனோக்குலோ என்று காட்டினார்.

அவரிடம் ஃபெர்னாண்டோனா பெயரைச் சொன்னதும் 'நோஸ்ஸா செனியோரா!' என்றார். மாதா! 1999-ல் டிவி தொடராகவும் மறுவருஷம் சினிமாவாகவும் வந்த 'ஔத்தோ தா கொம்பதெசீதா'வில் செத்துப்போன எத்தன் ஜோவாவ் க்ரீலோவுக்காக மேலுலகக் கோர்ட்டில் வாதாடும் மாதா அவர்தான். ஏழை திருடினால் பசியால், பயத்தால் என்று அவனுக்குப் பரிந்து பேசுவார். வடகிழக்குக்காரர்களுக்கு ஆஸ்கர் எல்லாம் அப்புறம். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார், பாதி விளையாட்டாக. ஒரு கொர்தெல் புத்தகத்துக்கு என்னிடம் இரண்டு மடங்கு வாங்கியதும் அவர்தான், மாதா மன்னிக்கட்டும்.

ஆறாம் நாள், சனி

ஊர்க்கா. மலைக்கும் குடாவுக்கும் நடுவே சின்னப் பேட்டை. பழைய கஸினோ கட்டடம் கடற்கரையில் அப்படியே நிற்கிறது. 1946-ல் சூதாட்டத்தைத் தடை செய்தபிறகு காலியாகக் கிடந்து, பின்னால் தொலைக்காட்சி நிலையமான டிவி துப்பியின் கைக்கு வந்தது. 1951-லேயே ரியோ துப்பி சம்பளத்துக்கு எடுத்த முதல் நடிகை ஃபெர்னாண்டா. ஐம்பதுகளில் வாராவாரம் ஒரு முழு நாடகத்தை நேரடியாக ஒளிபரப்பினார்கள். வீடியோ டேப் கிடையாது, தப்பினால் தப்பியதுதான். அப்படி நூற்றுக்கணக்கான நாடகங்கள் காற்றோடு போயின. எதுவும் மிஞ்சாத அந்த வேலையைத்தான் அவருடைய பெரிய பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் 'அயிந்தா எஸ்தோ அக்கி' படம் எடுத்த வீடு. தெருப்பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன்: ரொகேத்தே பிந்தோ. ரேடியோவைத் தொடங்கிய அதே டாக்டர். வீட்டு வாசலில் பத்துப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1971-ல் ராணுவ ஆட்சி தூக்கிக்கொண்டு போய்க் கொன்ற ரூபென்ஸ் பைவாவின் மனைவி எவுனிஸின் கதை அது. இளம் எவுனிஸ், மகள் ஃபெர்னாண்டா தோரெஸ். ஊர் வாயில் 'ஃபெர்னாண்டின்யா', சின்ன ஃபெர்னாண்டா. இருபது வயதில் கான் படவிழாவில் சிறந்த நடிகை வாங்கியவர். முதிய எவுனிஸ், அம்மா ஃபெர்னாண்டா. இயக்கம் அதே வால்டர் சாலெஸ். 1999 மார்ச்சில் அம்மா சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வரிசையில் உட்கார்ந்திருந்து, க்வினெத் பால்ட்ரோவிடம் தோற்றார். முந்தின வருஷம்தான் உலகக் கோப்பை இறுதியில் பிரான்சிடம் 3-0. இரண்டில் எது அதிகம் வலித்தது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். 2025-ல் மகளும் அதே வரிசையில் இருந்தார், அவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் படத்துக்குச் சிறந்த சர்வதேசப் படம். பிரேசிலுக்கு அந்தப் பிரிவில் முதல் ஆஸ்கர். அன்று கார்னிவல் ஞாயிறு. தெருவெல்லாம் சின்ன ஃபெர்னாண்டாவின் முகமூடி.

அம்மா அந்தப் படத்தில் வருவது கடைசிச் சில நிமிஷம்தான். அல்சைமர் முற்றிய எவுனிஸ், சக்கர நாற்காலியில், குடும்பம் சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. டிவியில் ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களைப் பற்றி ஏதோ ஓடுகிறது, ரூபென்ஸின் போட்டோ வருகிறது. கிழவியின் கண் ஓர் அங்குலம் நகர்கிறது. உதடு லேசாகக் கூடுகிறது. அவ்வளவுதான். எழுபத்தைந்து வருஷமாக அடுத்தவர் எழுதியதைக் குரலாக்கியவருக்கு இதில் ஒரு சொல்கூட இல்லை.

சாயங்காலம் கடல் ஓரத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். ஊரே பியர் பாட்டிலும் பொரித்த பஸ்தெலுமாக அங்கேதான் இருந்தது. போன் அதிர்ந்தது. வீட்டுக்கார அம்மாவின் ஆவ்டியோ, பதினோரு விநாடி. போட்டுக் கேட்டேன், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மறுபடி போட்டேன். பின்னால் குக்கர் விசில் மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் போனை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றொன்றாக, எனக்குப் புரியும்படி நிறுத்திச் சொன்னான்.

'பீன்ஸ் வெந்துவிட்டது. நீ பொறுக்கியதில் ஒரு கல் இருந்தது. சீக்கிரம் வா.'